மலைத்தடத்தில் முன்னால் நடப்பவள்

1

ஊரில் இருக்கும் உங்களுக்கு ஆடிப் பதினெட்டு வருகிறது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. இங்கே பேராக்கில், ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வீட்டில், நல்லாயியின் கடிதம் வந்த பிறகுதான் எனக்கு அது உறைக்கும். அதற்குள் பண்டிகை முடிந்து வாரக்கணக்காகியிருக்கும்.

நல்லாயி என் மாமன் மகனின் மனைவி. நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் என் அப்புச்சியும் அம்மாயியும், அதாவது என் அம்மாவைப் பெற்றவர்கள், வாழ்ந்த வீட்டில் இப்போது அவள்தான் குடித்தனம் செய்கிறாள். முறைப்படி அந்த வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவள் நான். எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் மலாய் நாட்டில் மாதச் சம்பளம் வாங்குகிற மாப்பிள்ளை ஒருவர் வந்தார், என் அப்பா அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார். அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. மச்சான் நல்ல மனிதர்தான், ஆனால் அவர் விடும் குறட்டை களத்துமேடு வரைக்கும் கேட்கும். என் வீட்டுக்காரர் பூனை மாதிரித் தூங்குவார். என் பொறாமை மச்சானுக்காக இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வேறு கதை கட்டவேண்டாம்.

நான் பொறாமைப்பட்டது அந்த மலைக்காக. இன்னும் சரியாகச் சொன்னால், கொல்லிமலை ஏறும் ஒரு ஒற்றையடித் தடத்தில் யார் முன்னால் நடப்பது என்பதற்காக.

கடிதத்தில் நல்லாயி சுருக்கமாகத்தான் எழுதுவாள். "பெரியவங்க நெனப்பா இந்த வருசமும் தடம் நடந்துட்டு வந்தோம். மழை இல்லை. நானே முன்னால் போனேன். தழை போட்டேன். எல்லாரும் சுகம்." அவ்வளவுதான். அந்த 'நானே முன்னால்' என்ற இரண்டு வார்த்தையைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்காது. "ஊர்க் கடுதாசி வந்தா வீட்ல ஒரு வேளை அரிசி மிச்சம்" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். அவருக்கு என்ன தெரியும்? அவர் பிறந்த ஊரில் ஏறுவதற்கு ஒரு வரப்பைத் தவிர வேறு மேடே கிடையாது.

2

நான் பிறந்தது ஜேடர்பாளையத்தில். காவேரிக்கரை. ஆடிப் பதினெட்டென்றால் அங்கே ஊரே ஆற்றில் கிடக்கும். ஆனால் நான் சிறு வயதிலிருந்தே அப்புச்சி வீட்டில் வளர்ந்ததால் அந்த நாளில் நான் ஆற்றையே பார்த்ததில்லை. அந்த இரண்டு பேரும் என்னையும் கூட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிடுவார்கள். மேலே அறப்பளீஸ்வரருக்கு அன்று கூட்டம் கூடும், அதற்குப் போவதாகச் சொல்லிக்கொள்வார்கள். அது பாதி உண்மைதான். கோயிலுக்குள் அவர்கள் நின்ற நேரத்தைவிட வழியில் பாறை மீது உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம். தை அறுப்பு முடிந்தால் ஒரு தடவை, பலாப்பழக் காலத்தில் ஒரு தடவை என்று சாக்குக் கிடைக்கும்போதெல்லாம் ஏறினார்கள். விதைத்த காட்டில் களை நிற்கும்போது புருசனும் பொண்டாட்டியும் மலையேறுகிறார்களே என்று ஊர் சிரித்தது.

ஊர் அதைவிடச் சிரித்தது இன்னொன்றுக்கு. அம்மாயிதான் முன்னால் நடப்பாள். அப்புச்சி கடைசியில் வருவார். எங்கள் பக்கத்தில் சந்தைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் ஆண்பிள்ளை முன்னால், பெண்பிள்ளை பத்தடி பின்னால். இவர்கள் மட்டும் தலைகீழ். யாரோ கேட்டதற்கு அப்புச்சி சொன்னார், "என்ற வேகத்துக்குப் போனா நான் மட்டும் போய்ச் சேருவனுங்க. அவ வேகத்துக்குப் போனா எல்லாரும் சேருவம்." அதிலிருந்து எங்கள் வீட்டுக்கு அதுவே வழக்கமாகிவிட்டது. தடத்தில் ஒரு பெண் முன்னால் போவாள், அவளை யாரும் தாண்டக்கூடாது.

ஏற்றம் முடியும் இடத்தில் ஒரு நட்ட கல் உண்டு, தழைக்கல் என்போம். மலையேறுகிறவர்கள் பச்சைத் தழை ஒன்றை ஒடித்து அதன்மேல் போட்டுவிட்டுத்தான் அப்பால் போவார்கள். எங்கள் வீட்டில் முன்னால் நடப்பவள்தான் போடுவாள். போட்டுவிட்டு, செத்துப் போய்ச் சேர்ந்த பெரியவர்கள் பேரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், மலை கேட்கிற மாதிரி. அம்மாயி தன் அப்பன் ஆத்தா பேரைச் சொல்லிவிட்டு, "உங்காளுங்க பேரை நீங்களே சொல்லுங்க" என்று அப்புச்சியைத் திரும்பிப் பார்ப்பாள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தன்னுடையவர்களைச் சொல்வார்.

எனக்குக் கல்யாணம் பேசி முடித்த வருஷம் அம்மாயிக்கு முழங்கால் முடியவில்லை. தடத்தின் அடியில் நின்று என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "நீ நட சாமி. நான் உன்ற காலைப் பாத்துக்கிட்டே வாரேன்." அன்று தழையை நான்தான் போட்டேன். மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. அடுத்த வருஷம் நான் கப்பலேறிவிட்டேன்.

அம்மாயி இறந்த செய்தி எனக்கு வந்தபோது கருமாதியே முடிந்திருந்தது. சில மாதத்தில் அப்புச்சியும் போனார். போவதற்கு முன் மச்சானிடம், "எங்களுக்குத் திதி கிதின்னு அய்யரைக் கூப்புட்டுத் தட்சணை குடுக்காதீங்க. ஆடிக்கு ஒருக்கா அந்தத் தடத்துல நடந்துட்டு வாங்க, போதும்" என்றாராம். இதையும் நல்லாயிதான் எழுதினாள். பெற்ற மகளின் மகள் நான் இங்கே ரப்பர்ப் பால்மரத்து நடுவில் உட்கார்ந்திருக்க, வந்து மூன்று வருஷம்கூட ஆகாத மருமகள் அம்மாயியின் இடத்தில் நடந்துகொண்டிருந்தாள். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

3

பொறுக்க முடியாமல் ஒரு வருஷம் இங்கேயே நடந்துவிடுவது என்று முடிவு செய்தேன். தோட்டத்துக்குப் பின்னால் ஒரு குன்று இருக்கிறது. குன்றும் குன்றும் ஒன்றுதானே என்று ஆடிப் பதினெட்டன்று வீட்டுக்காரரையும் மகள் காவேரியையும் கிளப்பினேன். காவேரி என்று பேர் வைத்தேனே தவிர, அவள் அந்த ஆற்றைக் கண்டதில்லை. மழையைப் பார்த்தால் 'ஹூஜான்' என்பாள், குன்றைப் பார்த்தால் 'புக்கிட்' என்பாள். தமிழில் ஒன்று கேட்டால் மலாயில் பதில் வரும், பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகு இங்கிலீஷில் வந்தது.

பாதி வழியில் பேய்மழை. கணுக்கால் பூராவும் அட்டை. மேலே ஒரு வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் சின்ன துரையின் பங்களா. காவல்காரன் வந்து எதற்கு வந்தீர்கள் என்றான். வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, செத்துப்போன தாத்தா பாட்டிக்காக ஏறுகிறோம் என்று மலாயில் சொல்லப் பார்த்தார். அவன் என்ன புரிந்துகொண்டானோ, தோட்டத்து எல்லைக்குள் புதைக்க அனுமதி இல்லை என்று கண்டிப்பாகச் சொன்னான். மறுநாள் ஆபீசில் துரை விசாரித்திருக்கிறார். கிராணி வீட்டில் யார் சாவு என்று.

"இது யாரோட புக்கிட்மா? நம்முளதா?" என்று காவேரி இறங்கும்போது கேட்டாள். ஊரில் நல்லாயி அந்நேரம் காய்ந்த தடத்தில் ஜம்மென்று நடந்துகொண்டிருப்பாள் என்பது மட்டும் நினைவுக்கு வந்தது. அவள்மேல் இருந்த கோபத்தில் காலிலிருந்த அட்டைகளை வெறுங்கையாலேயே பிய்த்தெறிந்தேன்.

4

ஊருக்குப் போக லீவு கிடைத்தது பெரிய கதை. ரப்பர் விலை விழுந்த காலத்தில் லீவு கேட்டால் ஒரேயடியாகப் போகச் சொல்லிவிடுவார்கள் என்று வீட்டுக்காரர் பயந்தார். விலை ஏறியதும், நீங்கள் இல்லாமல் முடியாது என்றார்கள். கடைசியில் அவர் இங்கேயே நின்றுகொண்டு என்னையும் மகளையும் மட்டும் அனுப்பினார். நான் அவர் மனைவிதான் என்பதற்கு ஒரு சீட்டு, அம்மை குத்தியதற்கு ஒரு சீட்டு, திரும்பி வரும்போது பினாங்கில் இறங்க விடுவதற்கு ஒரு சீட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜன்னல், ஒவ்வொரு ஜன்னலுக்கும் பின்னால் ஒரு சிடுமூஞ்சி. சொந்த ஊர் எது என்று கேட்டவனிடம் நாமகிரிப்பேட்டை என்றேன். அவன் எழுதிப் பார்த்துவிட்டு, இவ்வளவு நீளம் வேண்டாம் என்று மெட்ராஸ் என்று போட்டுக்கொண்டான்.

நாகப்பட்டினத்தில் இறங்கி, ரயில் பிடித்து சேலம் வந்து, ராசிபுரத்துக்கு மோட்டார் பஸ், அங்கிருந்து மாட்டு வண்டி. வண்டி திரும்பியதும் கிழக்கே மலை தெரிந்தது. நான் அழுதேன். காவேரி, வண்டிப் புழுதி வாயில் விழுகிறது என்றாள்.

வாசலில் நல்லாயி நின்றாள். கறுத்து, எலும்பும் தோலுமாக, இடுப்பில் ஒரு குழந்தையும் முந்தானையில் ஒரு குழந்தையுமாக. கடிதத்தை வைத்து நான் மனதில் செய்து வைத்திருந்த நல்லாயி இன்னும் திமிராக இருந்தாள்.

"வாங்கக்கா. ஏனுங்க, இப்படி எளைச்சுப் போயிட்டீங்க?"

நான் இளைக்கவில்லை. இரண்டு சுற்றுப் பருத்திருந்தேன். இந்த மரியாதைப் பேச்செல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஒரு வாரமும் எனக்கு முள்மேல்தான் போனது. சந்தைக்குப் போகலாம் என்பதற்கு 'பாசாருக்குப் போலாம்' என்று சொல்லி வீடே சிரித்தது. அடுப்படியில் உப்புப் பானை நான் விட்டுப்போன மூலையில் இல்லை. மலையிலிருந்து பலாப்பழம் கொண்டுவந்தவர்கள் தயங்காமல் நேரே நல்லாயியிடம் போய் நின்றார்கள், என்னைப் பார்த்து 'விருந்தாளியா சாமி?' என்றார்கள். பெற்ற மகளாவது என் பக்கம் இருப்பாள் என்றால், காவேரி வந்த மூன்றாம் நாளே 'சின்னம்மா, சின்னம்மா' என்று அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்கும் கிணற்றடிக்கும் அலைந்தாள். என்னிடம் வராத தமிழ் அவளிடம் வந்தது. 'ஊடு' என்றாள், 'வாரேன்' என்றாள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். நான் படவில்லை.

5

ஆடிப் பதினெட்டு விடியற்காலை காவேரியையும் கூட்டிக்கொண்டு அடிவாரத்தில் நின்றோம். நல்லாயியின் வாண்டுகள் இரண்டையும் அவள் அம்மாவிடம் விட்டிருந்தாள். மச்சான் சோற்று மூட்டையோடு கடைசியில் நின்றார். யாரும் எதுவும் சொல்வதற்குள் நான் போய் முன்னால் நின்றுகொண்டேன். நல்லாயி ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு ஒதுங்கிப் பின்னால் போய்விட்டாள்.

நடந்தேன் பாருங்கள், அப்படி ஒரு நடை. பின்னால் இருப்பவள் பார்க்கட்டும், இது யார் தடம் என்று. முள்ளுக்காட்டைத் தாண்டி ஓடை வந்தது. அம்மாயி உட்காரும் பாறை அங்கேதான். நான் உட்காரவில்லை. மூச்சு முட்டியது, கண்ணில் பூச்சி பறந்தது, சேலை முள்ளில் கிழிந்தது. நிற்கவே இல்லை. எத்தனை வருஷத்து ஏக்கம். பின்னால் ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இருந்தது, திரும்பவில்லை.

தழைக்கல்லுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஒரு கொத்து ஒடித்தேன். கல்லின்மேல் போட்டேன். பேரைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

கல்லுக்கு அப்பால் ஒரு மலைக்காரப் பெண் வாழைத்தாரை இறக்கிவைத்துவிட்டு இளைப்பாறிக்கொண்டிருந்தாள். வயதானவள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒத்தையில வந்திருக்கியே சாமி. தடம் தவறிட்டியா?"

"நானா? நான் பெரியூட்டுப் பேத்தி," என்றேன். கோபம் வந்துவிட்டது. அப்புச்சி வீட்டை மலையில் அப்படித்தான் சொல்வார்கள்.

அவள் எட்டி எனக்குப் பின்னால் தடத்தைப் பார்த்தாள். யாரும் இல்லை.

"பெரியூட்டுக்காரங்க ஒத்தையில வர மாட்டாங்களே," என்றாள். குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டாள்.

திறந்த வாயை மூடிக்கொண்டேன். அவள் முன்னால் நிற்க முடியவில்லை. வந்த வழியே இறங்கினேன்.

ஓடைக்குக் கொஞ்சம் மேலே அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். நல்லாயி முன்னால். அவள் பின்னால் காவேரி, வெறுங்காலோடு, ஒரு குதிகாலில் துணி சுற்றியிருந்தது. பேராக்கிலிருந்து போட்டுவந்த கான்வாஸ் ஷூ கடித்துக் கொப்புளம் உடைந்திருக்கிறது. அந்தத் துணி நல்லாயியின் சேலைத் தலைப்பு. கடைசியில் மச்சான், மூட்டைமேல் ஷூ தொங்க.

"என்னை ஏன் கூப்புடலை?" என்று கத்தினேன்.

"கூப்பிட்டமுங்கக்கா," என்றாள் நல்லாயி. "புள்ளைகூடக் கூப்பிட்டா. நீங்க திரும்பவே இல்லீங்களே."

காவேரி என்னைப் பார்க்கவில்லை. கீழே பார்த்துக்கொண்டு, நல்லாயி கால் வைத்து எடுத்த இடத்தில் தன் காலை வைத்துக்கொண்டிருந்தாள். தடத்தை விட்டு ஒதுங்கி நின்றேன். மூன்று பேரும் என்னைத் தாண்டிப் போனார்கள். நான் கடைசியில் போய்ச் சேர்ந்தேன்.

"என்ன புள்ளே, இங்க வந்துட்டே?" என்றார் மச்சான். "இது அப்பாரு எடமாச்சே." அப்புச்சியை அவர் அப்பாரு என்றுதான் சொல்வார்.

"உங்களுக்கு வலிக்குதா? பேசாம நடங்க," என்றேன்.

கடைசியில் நடந்தால் எல்லோரும் தெரிவார்கள். நல்லாயியின் வெடித்த குதிகாலும் தெரிந்தது, அவள் நாலடிக்கு ஒரு தரம் தலையைத் திருப்புவதும் தெரிந்தது. காவேரி நொண்டினால் இவள் நடை தானாகச் சுருங்கியது. அதைப் பார்த்து எனக்கு மனம் இளகியது என்று எழுதினால் பொய். இன்னும் அதிகமாகத்தான் எரிந்தது. இவ்வளவு நன்றாக நடக்க இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? என் அம்மாயியை இவள் பார்த்ததே மூன்று வருஷம்தானே?

6

கல்லருகே வந்தோம். வாழைத்தார்க்காரி போய்விட்டிருந்தாள். என் தழை வாடிப்போய்க் கிடந்தது. நல்லாயி அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி, பக்கத்தில் தன் தழையை வைத்தாள். கும்பிட்டாள். வெறுமனே நின்றாள்.

நான் காத்திருந்தேன். அவள் வாயே திறக்கவில்லை. மச்சான் அதற்குள் நிழல் பார்த்து மூட்டையை அவிழ்க்கப் போய்விட்டார்.

"பேரைச் சொல்லு," என்றேன். குரலில் இருந்த முள்ளை நானே கேட்டேன். "தழை போட்டா பேர் சொல்லோணும். அதுகூடத் தெரியாமயா இத்தனை வருசமா முன்னால நடக்கறே?"

நல்லாயி என்னை நிமிர்ந்து பார்த்தாள். வந்த நாளிலிருந்து அவள் முகத்தில் நான் காணாத ஒன்று அப்போது இருந்தது.

"நான் எப்படிங்கக்கா சொல்லுவேன்?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மச்சானுக்கு வைத்திருப்பது அப்புச்சியின் பேர். மூத்த பேரனுக்குத் தாத்தன் பேர், எங்கள் வீடுகளில் எல்லாம் அப்படித்தான். கட்டிய புருஷனின் பேரையும் மாமியார் முறைக்காரியின் பேரையும் எங்கள் பக்கத்தில் எந்தப் பெண் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள்?

"அந்த ஊருக்குப் போவோணும்னாகூட, பேரைச் சொல்லாம தேர்க்கோயில் ஊருக்குன்னுதான் நான் சொல்லோணும்," என்றாள் நல்லாயி. திருச்செங்கோட்டைத்தான் அப்படிச் சொன்னாள். "அவுங்களைச் சொல்லச் சொன்னா, ஒரு வருசம் சொல்லுவாங்க, ஒரு வருசம் சோத்துல கவனமா மறந்துருவாங்க. பல வருசம் களையெடுப்புன்னு வாரதே இல்லை. நான் புள்ளையைத் தூக்கிக்கிட்டு வந்து தழையைப் போட்டுட்டு ஊமை மாதிரி நின்னுட்டுப் போறேன். பெரியவங்களுக்கு ஆரு வந்தாங்கன்னாவது தெரியுமோ என்னமோ."

பிறகு, தலையைக் குனிந்துகொண்டு, "உங்களை நெனச்சுத்தான் எனக்கு எரியுமுங்கக்கா. கடல் தாண்டி உக்காந்திருந்தாலும் பேர் சொல்லுற வாய் உங்களுக்குத்தானே இருக்குதுன்னு," என்றாள்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், மறைக்க மாட்டேன். அவளுக்கும் எரிந்திருக்கிறது! அவள் கடிதம் எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கவில்லை! அந்தச் சந்தோஷம் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட நிற்கவில்லை. காலையில் இதே இடத்தில் நின்று, சொல்லக்கூடிய அந்த ஒரே வாயை மூடிக்கொண்டு இறங்கியவள் நான்.

கல்லுக்கு முன்னால் போய் நின்றேன். காவேரியையும் பக்கத்தில் இழுத்து நிறுத்தினேன்.

"செங்கோடன்," என்றேன். "பாவாயி."

காவேரி என்னைப் பார்த்தாள். அந்தப் பேர்களை அவள் கேட்பது அதுதான் முதல் தடவை. "செங்கோடன், பாவாயி," என்று தன் மலாய் ராகத்தில் இழுத்து அவளும் சொன்னாள்.

நல்லாயி கண்களை மூடியிருந்தாள். எங்கள் சத்தத்தோடு அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. சத்தம் மட்டும் வரவில்லை.

"இன்னொருக்காச் சொல்லுங்கக்கா," என்றாள்.

இந்தத் தடவை அவள் உதடு வந்து சேரும் வரைக்கும் ஒவ்வொரு எழுத்தாக நின்று நின்று சொன்னேன்.